வலி தீர்ந்த பின்

முகம் கழுவுதல், பல் துலக்குதல், ஒரு வாய் சோற்றை மென்று விழுங்குதல், வாசலில் வந்து நிற்பவரை வரவேற்று இரண்டு சொற் பேசுதல் ஆகிய இவையெல்லாம் எவரும் எண்ணிப் பாராமலே நாள்தோறும் செய்யும் செயல்கள். கொழும்புத்துறையில் சோழகக்காற்று கடல்நீரேரியைக் கடந்து வந்து வீசும்பொழுது, வியர்வை ஆறட்டும் என்று அதற்கு முகங்கொடுத்து நிற்போர் பலர். ஆயினும் அதே காற்றுக்கு அஞ்சி, ஒரு பக்கக் கன்னத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு நடக்க வேண்டிய நிலை சிலருக்கு ஏற்படுகின்றது. காற்று மெல்லத் தீண்டினாலும் போதும். மின்சாரக் கம்பியைத் தொட்டாற்போன்ற வலி கன்னத்திலும் தாடையிலும் பாய்ந்து, சில விநாடிகளில் மறைந்துவிடும். மறைந்த வலி மீண்டும் எப்பொழுது வருமோ என்ற ஏக்கம் மட்டும் மறைவதில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. இந்நோய்க்கு அது முற்றும் பொருந்தும். புறத்தே காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலுமில்லை. வலி தாக்கிய கணத்தில் பேச்சை நிறுத்தி அசையாது நின்றவர், அடுத்த நிமிடத்திலே நலமுள்ளவர் போலத் தோன்றுவார். ஆதலின், வீட்டில் உள்ளவர்களே இது உண்மையான நோய்தானோ என்று ஐயுறுதல் உண்டு. நோயின் துன்பம் ஒரு பங்கு என்றால், நம்பப்படாமையின் துன்பம் மற்றொரு பங்கு.

இந்நோய் யாது? மனிதனுடைய மூளையிலிருந்து பன்னிரண்டு சோடி நரம்புகள் நேரே வெளிப்படுகின்றன. அவற்றுள் ஐந்தாவது சோடி, முகத்தில் உண்டாகும் தொடுகை, சூடு, குளிர், வலி ஆகியவற்றை மூளைக்கு அறிவிப்பது. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, மேற்றாடைக்கும் கன்னத்துக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என மூன்றாகப் பிரிதலின், அதனை முக்கிளை நரம்பு என்பர். இந்த நரம்பிலே தோன்றும் வலிநோயையே மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று அழைக்கின்றனர். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களை, அவர்களுள்ளும் பெண்களைச் சற்று மிகுதியாக, இது பற்றுகின்றது. ஏறக்குறைய எப்பொழுதும் முகத்தின் ஒரு பக்கத்திலேயே வரும்.

ஏழாவது சோடியின் தொழில் வேறு. கண்ணை மூடுதல், சிரித்தல், உதட்டைக் குவித்தல் போன்ற முகத்தின் அசைவுகளை அது நடத்துகின்றது. இந்நரம்பு கோளாறுற்றால் வலி தோன்றாது, இழுப்புத் தோன்றும். முதலில் ஒரு கண்ணிமை துடிக்கும். பின்பு அத்துடிப்புக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் பரவி, உறக்கத்திலும் ஓயாமல் நிகழும். இதனை முகத்தின் அரைப்பக்க இழுப்பு எனலாம். முகம் திடீரெனச் சோர்ந்து ஒருபுறம் கோணும் முகவாதம் இவ்விரண்டினும் வேறானது. முகவாதத்துக்கு இங்கே சொல்லப்போகும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. எனினும், முகம் ஒருபுறம் சோர்ந்தால், அது பாரிசவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கக்கூடுமாதலின், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

முகவலி புதிய நோயன்று. பிரான்சு நாட்டின் நிக்கொலாஸ் அந்திரே என்னும் சத்திரவைத்தியர் 1756இல் இதற்கு ஒரு பெயரிட்டார். இலண்டன் வைத்தியர் ஜோன் பொதர்கில் 1773இல் இதன் குணங்குறிகளைத் தெளிவாக எடுத்துரைத்தார். இருந்தும், இந்நோயுற்றோர் இன்றும் முதலில் நாடிச் செல்வது பெரும்பாலும் பல் வைத்தியரையே. வலி தாடையிலே தோன்றுவதால் அதனைப் பல்வலியென எண்ணுதல் இயல்பு. பழுதற்ற பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்குவித்தும் வலி தீராமல் அலைந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உளர். பல் நன்றாயிருக்கத் தாடையில் மின்னல் போல வலி வந்து போகுமாயின், பல்லை இழக்குமுன் நரம்பியல் வைத்தியரின் கருத்தைக் கேட்டல் அறிவுடைமையாகும்.

முகவலிக்கு முதற் சிகிச்சை மருந்தே. வலிப்பு நோய்க்கு வழங்கப்படும் கார்பமசெப்பின் என்னும் மருந்து இவ்வலியையும் தணிப்பது 1962இல் அறியப்பட்டது. அன்று முதல் அது பல்லாயிரவருக்கு ஆறுதல் அளித்து வருகின்றது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியதாகின்றது. கூட்டினால் தூக்கமும் தலைச்சுற்றும் தள்ளாட்டமும் வந்து சேரும்; இரத்தத்தில் உப்பின் அளவும் குறையக்கூடும். அரைப்பக்க இழுப்பு உள்ளவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை தசையில் ஏற்றப்படும் ஊசிமருந்து உதவும். இவை பயன்படாத நிலையிலே சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு எழுகின்றது.

நோயின் காரணம் அறியப்பட்ட வரலாறு சுவையானது. அமெரிக்காவைச் சேர்ந்த வால்டர் டாண்டி என்னும் சத்திரவைத்தியர், நோயாளர் பலரின் முக்கிளை நரம்பு மூளையை விட்டு வெளிப்படும் இடத்தில், ஒரு குருதிக்குழாய் நரம்பின்மேல் அழுந்திக் கிடப்பதைக் கண்டு 1934இல் எழுதினார். நாடி துடிக்குந்தோறும் அது நரம்பைத் தட்டுகின்றது. ஆண்டுக்கணக்கில் தட்டத் தட்ட நரம்பைச் சுற்றியுள்ள காப்புறை தேய்கின்றது. உறை தேய்ந்த இரு மின்கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாற் பொறி பறப்பது போல, தொடுகையை எடுத்துச்செல்லும் இழையிலிருந்து வலியை எடுத்துச்செல்லும் இழைக்குத் தூண்டல் தாவுகின்றது. மெல்லிய காற்றும் கொடிய வலியாக உணரப்படுவதன் மருமம் இதுவேயாகும்.

டாண்டியின் காலத்தில் நரம்பை அறுப்பதே வழியாக இருந்தது. அறுத்தால் வலி நீங்கும். அதனோடு முகத்தின் உணர்ச்சியும் நீங்கும். 1960களின் நடுப்பகுதியில் பீற்றர் ஜனெற்றா என்னும் இளம் வைத்தியர், சத்திரசிகிச்சைக்குரிய நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அந்த இடத்தை நோக்கினார். நரம்பு குற்றமற்றது, அதனை நெருக்குங் குழாயே குற்றமுடையது என்றால், நரம்பை அறுப்பானேன், குழாயை விலக்கினாற் போதாதா என்பதே அவருடைய கேள்வி. மூத்த சத்திரவைத்தியர் பலர் தொடக்கத்தில் இதனை ஏற்கவில்லை. பின்னர் பிற்ஸ்பேர்க் நகரில் அவர் பல்லாண்டு நடத்திய பணியினால் இம்முறை உலகெங்கும் பரவிற்று. அரைப்பக்க இழுப்புக்கும் இதே சிகிச்சை பொருந்துவதாயிற்று.

மூளைச் சத்திரசிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் குடும்பமே நடுங்குதல் இயற்கை. ஆனால், இதில் மூளை வெட்டப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் மூலம் நரம்பின் நிலையை ஆராய்ந்து, கட்டி முதலிய வேறு காரணங்கள் இல்லையென்று தெளிந்தபின், நோயாளரை முழு மயக்கத்தில் ஆழ்த்துவர். காதின் பின்புறத்தே மண்டையோட்டில் ஒரு நாணயத்தின் அளவான சிறு வாயில் திறக்கப்படும். சிறுமூளையை மெல்ல ஒதுக்கி, நுணுக்குக்காட்டியினூடே நரம்பைக் கண்டு, அதனை அழுத்தும் குழாயை விலக்கி, இரண்டுக்கும் இடையே டெப்லோன் என்னும் பொருளாலான பஞ்சு போன்ற சிறு துண்டொன்றை வைப்பர். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இத்துறை தமிழ் மக்களுக்கு நெடுந்தொலைவானதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் சீர்காழியிற் பிறந்த பா. இராமமூர்த்தி 1950இலும் நரம்புச் சத்திரசிகிச்சைப் பணியைத் தொடங்கினர். கொழும்பு நகரிலும் 1950களிலேயே இத்துறை வேரூன்றியது.

சிகிச்சை நன்கு முடிந்தது என்று வைத்தியர் சொன்ன பின் என்ன நிகழ்கின்றது? உண்மையில், நோயாளரும் குடும்பத்தாரும் ஆற்ற வேண்டிய பணி அப்பொழுதே தொடங்குகின்றது. வைத்தியரின் கைவேலை சில மணி நேரம். நரம்பு ஆறுவதற்கோ வாரங்களும் மாதங்களும் வேண்டும். அக்காலத்தில் எது இயல்பு, எது ஆபத்து என்று பகுத்தறியும் அறிவே குடும்பத்துக்குப் பெருந்துணையாகும்.

முகவலிக்காகச் சிகிச்சை பெற்றவர்களுட் பலர் மயக்கந் தெளியும்பொழுதே பழைய வலி இல்லாமையை உணர்வர். வேறு சிலருக்கு அது படிப்படியாகக் குறையும். அரைப்பக்க இழுப்பு உள்ளவர்கள் இன்னும் பொறுமை காட்ட வேண்டியிருக்கும். குழாய் விலகியும், நெடுநாள் எரிச்சலுற்ற நரம்பு தன் பழக்கத்தை உடனே விடுவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ துடிப்புத் தொடர்ந்து, பின்னர் ஓய்ந்தோரும் உளர். ஆகவே, மறுநாளும் கண்ணிமை துடித்தால் சிகிச்சை பயனற்றுப் போயிற்று என்று கலங்கலாகாது.

முதற் சில நாட்களில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, கழுத்து விறைப்பு ஆகியன வரக்கூடும். காது அடைத்தாற் போலவும் இருக்கும். காதின் பின்னே தையல் இழுக்கும். முகத்தின் ஒரு பகுதி மரத்துப் போயிருக்கலாம். பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்பலாம். இலேசான வேலைகளுக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். உடல் தேறியதாகத் தோன்றினாலும் சோர்வு சட்டென்று வந்து மோதும். அது சோம்பலன்று, ஓய்வு கேட்கும் உடலின் குரல்.

இனி, எவற்றை ஆபத்தின் அறிகுறிகளாகக் கொள்ள வேண்டும்? மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ புண்வாயிலிருந்தோ தெளிந்த நீர் வடிதல், அல்லது தொண்டைக்குள் உப்புச்சுவையான நீர் இறங்குதல் முதலாவது. மூளையைச் சூழ்ந்துள்ள நீர் கசிகின்றது என்பதற்கு அது அடையாளமாகலாம். தடிமன் என்று எண்ணி வாளாவிருத்தல் தவறு. காய்ச்சலுடன் கடுந்தலைவலியும் கழுத்தை முன்னே வளைக்க இயலாமையும் வருதல் இரண்டாவது. ஓயாத வாந்தி, மிகுதியான உறக்கம், பேச்சுக் குழறல், கைகால் சோர்தல், புதிதாகக் காது கேளாமை, கண்ணை மூட இயலாமை, புண் சிவந்து வீங்குதல் என்பனவும் அத்தகையனவே. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். 2018 முதல் வட மாகாணத்திலும் இச்சேவை உண்டு.

வீட்டிலே கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளுஞ் சில உள. தலையைத் தாழ்த்திக் குனிதலும், மூச்சைப் பிடித்துப் பாரந் தூக்குதலும் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். ஆகையால், வைத்தியர் அனுமதிக்கும் வரையில் கிணற்றில் நீரள்ளுதல், முற்றங் கூட்டுதல், கோயிலில் நிலத்தில் விழுந்து வணங்குதல் ஆகியவற்றை ஒத்திவைத்தல் நன்று. நின்று கைகூப்பி வணங்கினாற் குறையொன்றும் இல்லை. மலச்சிக்கல் முக்குதலை வேண்டுவித்து அதே தீங்கைச் செய்யுமாதலின், நீரும் கீரையும் பழமும் உணவிற் சேர வேண்டும். தையல் ஆறும் வரை எண்ணெய் முழுக்கு ஆகாது. புண்மேல் எண்ணெயோ பச்சிலைப் பத்தோ இடவும் கூடாது.

நோயுற்றவருக்குப் பத்தியங் காத்தல் யாழ்ப்பாணத்து வழக்கம். அன்பினால் எழுந்த வழக்கமே அது. ஆனால், முகவலியுற்றவர் மெல்ல அஞ்சி நெடுங்காலம் அரைவயிறு உண்டு மெலிந்திருப்பர். புண் ஆறுவதற்கு மீனும் முட்டையும் பருப்பும் பாலும் போன்ற ஊட்டமுள்ள உணவு வேண்டும். தொடக்கத்தில் கஞ்சியும், சொதியில் ஊறிய இடியப்பமும் போன்ற மென்மையான உணவு ஏற்றது. முகத்தில் மரத்த இடம் இருப்பின், சூடான தேநீர் உதட்டைச் சுட்டாலும் தெரியாது. ஆதலால், ஆறவிட்டே பருக வேண்டும். கண்ணின் உணர்ச்சி குறைந்திருந்தால் அல்லது கண் முற்றாக மூடாதிருந்தால், தூசு விழுந்தாலும் அறிய முடியாது. கண்மருந்தும் காப்பும் பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. வலி போய்விட்டதே, இனி ஏன் குளிசை என்று கார்பமசெப்பினைத் தாமாகவே ஒரே நாளில் நிறுத்துதல் கூடாது. நெடுநாள் உட்கொண்ட மருந்தைத் திடீரென விட்டால் உடல் தாங்காது, வலிப்பும் வரலாம். வைத்தியரே கால அட்டவணை வகுத்துச் சிறிது சிறிதாகக் குறைப்பார். தலைச்சுற்றும் மருந்தின் மயக்கமும் நீங்கும் வரையில் வாகனம் ஓட்டுதல், தனியே வள்ளத்தில் தொழிலுக்குச் செல்லுதல், பனையேறுதல் ஆகியன உயிருக்கே ஊறு விளைப்பன. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஆறு வாரம் என்பது பெரிய காலம். சிகிச்சைக்கு நாள் குறிக்கும்பொழுதே அவ்வாறு வாரத்துக்கும் வீட்டுச் செலவு எவ்வாறு நடக்கும் என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசித் தீர்மானிப்பார்களாயின், தலைவன் தையல் ஆறுமுன் கடலுக்குப் போக நேராது.

உடலின் மீட்சியோடு உள்ளத்தின் மீட்சியும் உண்டு. வலி தீர்ந்த பின்னும் வலியின் அச்சம் தீருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு பக்கத்தாலேயே மென்றவர், மறுபக்கத்தில் ஒரு கவளம் வைக்கத் தயங்குவார். முகத்திலே நீர் பட்டால் என்னாகுமோ என்று கை பின்வாங்கும். இதனைக் கோழைத்தனம் என்று நகைத்தல் கொடுமை. வலி கற்பித்த பாடத்தை உடல் மறக்க நாட்செல்லும். இன்று இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் ஓர் ஒற்றுதல். சில நாட்கள் சென்று கையால் ஒரு கழுவுதல். பின்பு வாசலில் நின்று சிறிது நேரம் காற்று வாங்குதல் எனப் படிப்படியாகவே துணிவு திரும்பும். துலக்கப்படாது விடப்பட்ட பற்களையும் உரிய காலத்தில் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

சுகம் விசாரிக்க வருவோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வந்து பார்த்தல் அன்பின் கடமை. ஆனால், பத்துப் பேர் கூடி உரக்கப் பேசுதலும், தலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட வேறொருவர் பட்ட பாட்டை விரித்துரைத்தலும் நோயாளருக்கு நன்மை செய்யா. ஒரு பக்கக் காது மந்தமாயிருக்கலாம் என்பதையும் நினைவிற்கொண்டு, நல்ல காதின் பக்கம் அமர்ந்து மெல்லப் பேசி விரைவில் விடைபெறுவோரே உண்மையில் உதவி செய்தவராவர்.

இச்சிகிச்சை எல்லோரையும் என்றென்றைக்கும் குணப்படுத்துமா? இல்லை என்பதே நேர்மையான விடை. ஜனெற்றாவும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளில் 1185 முகவலி நோயாளருக்குச் செய்த சிகிச்சையின் பயனை 1996இல் வெளியிட்டனர். பத்தாண்டுகளின் பின் நூற்றுக்கு 70 பேர் மருந்தின்றியே வலியற்றவராய் இருந்தனர். ஏனையோருட் பலருக்கு வலி மீண்டிருந்தது. இருவர் இறந்தனர், நூற்றுக்கு ஒருவர் அளவில் ஒரு பக்கச் செவிப்புலனை இழந்தனர். தேர்ந்த கைகளில் விளைந்த பயன் இது. சிகிச்சைக்கு உடன்படுமுன் தம்முடைய வைத்தியரின் அனுபவத்தைப் பணிவுடன் கேட்டறிதல் நோயாளரின் உரிமையாகும். வலி மீண்டால் அது எவருடைய குற்றமுமன்று; மருந்தும், நரம்புக் கணுவில் செய்யப்படும் ஊசிமுறைகளும், கதிர்ச்சிகிச்சையும் பின்னரும் உள்ளன. இந்தித் திரைநடிகர் சல்மான் கான் 2011இல் இந்நோய்க்காக அமெரிக்காவிற் சத்திரசிகிச்சை பெற்று, அதுபற்றி வெளிப்படையாகப் பேசினார். புகழுடையோர் மறைக்காது பேசும்பொழுது, பெயர் தெரியாத துன்பத்தோடு வாழும் பலருக்கு அதன் பெயராவது தெரிய வருகின்றது.

நோயின் பெயரையும் காரணத்தையும் தன் மொழியில் அறிதல் சிகிச்சையின் ஒரு கூறு என்பதை யாழ்ப்பாணம் முன்னரே கண்டது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்து, உடலமைப்பையும் சத்திரசிகிச்சையையும் பற்றிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே நரம்பையும் நாடியையும் தமிழில் விளக்க முடிந்ததாயின், இன்று வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு அவருடைய நிலையைத் தமிழில் விளக்கிச் சொல்ல முடியாதென்பதில்லை.

ஆகவே, வார்ட்டை விட்டுப் புறப்படுமுன் குடும்பத்தில் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் குளிசையை எந்த நாளில் எவ்வளவு குறைப்பது? எந்த அறிகுறி தோன்றினால், எந்த வேளையானாலும் திரும்பி வருவது? குனியவும் பாரந் தூக்கவும் தொழிலுக்குச் செல்லவும் எப்பொழுது தொடங்கலாம்? அப்பக்கத்தை வீட்டிலுள்ள அனைவரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உட்பட, ஒருமுறை வாசித்துவிட வேண்டும். நள்ளிரவில் ஓர் அறிகுறி தோன்றுமாயின், அவ்வேளையில் விழித்திருப்பவர் எவரோ, அவரே நோயாளருக்குக் காவலாவார்.